மூன்று மணிக் கச்சேரி

அவர்கள் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
ஏழு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது
இரண்டு முதுகுகளை.

இடப்பக்கம் முதாலே, மூத்தவன்.
அவனுக்குச் சட்டை தோளில்தான் முதலில் நனையும்.
வலப்பக்கம் கபாசா.
அவன் வேர்வை இடுப்பில் தொடங்கி மேலே ஏறும்.
டிரம்ஸ் அடிப்பவனுக்கு அந்த ஈரம்தான் ஏடு.
எவன் எப்போது வேகமெடுப்பான் என்று
துணி சொல்லிவிடும்.

கிட்வேயில் அப்போது இருட்டினால் ஊரடங்கு.
சண்டை பக்கத்து நாடுகளில்,
மின்வெட்டு எங்களுக்கு.
அதனால் எங்கள் ஊரில் ராக் என்பது
மதியம் மூன்று மணிக்கு நடக்கும் காரியம்.
சீருடையோடு பள்ளிப் பிள்ளைகள்.
இரவு ஷிஃப்ட் முடித்து
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி
சுரங்கத்து ஆட்கள்.
உருக்காலைப் புகை டிக்கெட் எடுக்காமல்
முதல் வரிசையில் நிற்கும்.

எங்கள் பெயர் பச்சைத்தீ.
செம்பு எரிந்தால் அந்த நிறம்.

சிறுவயதில் இருவருக்கும் சேர்த்து ஒரே கிட்டார்.
ஒருவன் அதன் கழுத்தைப் பிடிப்பானாம்,
மற்றவன் கம்பியைத் தட்டுவானாம்,
மேலே ஒரு போர்வை.
தெருப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பார்த்தார்களாம்,
இரண்டு தலை மிருகத்தை.
(இதை இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.
தட்டியது தான் என்று இருவரும்.)

பிறகு கபாசா அந்தப் பாட்டை எழுதினான்.
உலை வாயில் இருபது வருடம் நின்ற
அப்பாவின் இருமலை
இரண்டாம் சரணத்துக்குப் பின் வைத்தான்,
நான்கு தடவை, தாளத்தில்.
கூட்டம் சிரித்தது. பிறகு கூடவே இருமியது.
கூட்டத்துக்குப் பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"அது விற்கிற சரக்கில்லை" என்றான் முதாலே.
"விற்கவில்லை. கேட்க வைக்கிறேன்."
"அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். போய்க் கேள்."

அதோடு பேச்சு நின்றது.
இரண்டு வருடம், எட்டு மாதம்.
ஒரே வேனில், ஒரே தட்டு உலர்ந்த மீனில்
கை மட்டும் முட்டிக்கொள்ளாமல்.
தூது நான்.
"அவனிடம் சொல், சுருதியை இறக்கட்டும்."
"அவனிடம் சொல், தொண்டையை ஏற்றட்டும்."
வழியில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பேன்.
இருவருமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடையில் மட்டும் ஒருநாளும் பிசகவில்லை.
எண்ணிக்கை கொடுப்பவன் நான்தான்.
ஆனால் நான்காவது குச்சிச் சத்தத்துக்கு முன்பே
இரண்டு முதுகும் ஒன்றாக ஏறும்.
ஒரே வயிற்றில்
வேறு வேறு வருடம் குடியிருந்தவர்கள்.
வாடகை பாக்கி போல அந்த மூச்சு.

செம்பு விலை விழுந்தது.
ஆம்ப்ளிஃபையரை ஒரு தேவாலயம் வாங்கிக்கொண்டது,
திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக.
ஞாயிறு கடைசிக் கச்சேரி.
அப்பா போய்ப் பதினோரு நாள்.

இரண்டாம் சரணம் முடிந்தது.
கபாசா இருமினான். ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது வரவில்லை.
அவன் முதுகு அப்படியே நின்றது,
சட்டையில் ஈரம் ஏறுவதுகூட நின்ற மாதிரி.
நான் ஹை-ஹாட்டை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.
நான்காவது
இடப்பக்க மைக்கிலிருந்து வந்தது.
கனத்த குரல், கொஞ்சம் பிந்தி.

யாரும் சிரிக்கவில்லை.
அவர்கள் திரும்பிப் பார்த்துக்கொள்ளவும் இல்லை.
பார்த்தவன் நான் ஒருவன்,
நான் பார்த்ததும் முதுகைத்தான்.

இப்போது முதாலே ந்தோலாவில் டயர் விற்கிறான்.
கபாசா லிவிங்ஸ்டனில் படகு ஓட்டுகிறான்,
நீர்யானைகளைக் காட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு.
இருவரும் எனக்கு ஃபோன் செய்வார்கள்.
என் முழங்காலைப் பற்றிக் கேட்பார்கள்.
சிமெண்ட் விலையைப் பற்றிப் பேசுவார்கள்.
வைப்பதற்குச் சற்று முன்னால்,
ஏதோ ஞாபகம் வந்தவன் போல,

"லிவிங்ஸ்டனில் மழையாமே?"

"ஆமாம், நல்ல மழையாம்" என்பேன்.
சில சமயம் அது பொய்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு ஏறும்.
பழக்கதோஷம், மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன்.
மூன்றில் வைத்துவிடுவான்.